பூஜ்ஜியம் போட்ட இலைகள்

அன்று காலை பத்து மணிக்கு மண் மூட்டையைப் பிரித்தபோது அவளுக்குத் தும்மல் வரவில்லை.

பதினோரு வருடமாக அந்த ஆய்வகத்தில் நாற்று வளர்ப்பதுதான் அவள் வேலை. மூட்டையின் தையலை இழுத்துப் பிரித்து, காய்ந்த மண் கலவையைத் தொட்டியில் கொட்டும்போது எழும்பும் தூசி அவளை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. ஏழு, எட்டு, சில நாட்களில் பன்னிரண்டு. முகமூடி, அதற்கு மேல் துண்டு, முந்தின இரவே விழுங்கிய மாத்திரை, எதற்கும் மசியாத தும்மல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போய், ஆய்வகத்தை நடத்தும் மேடம் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'தும்மல்' ஆகிவிட்டாள்.

அவள் மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தூசி நெற்றியில் படிவது தெரிந்தது, உதட்டில் அதன் உப்பு தெரிந்தது, மூக்குக்குள் ஏறுவதுகூடத் தெரிந்தது. அவ்வளவுதான். மூன்றாவது மூட்டை பிரித்தும் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?" என்றார் தோட்டக்காரர். மண் சலிப்பவர் அவர்தான். அவளைவிட இருபது வயது மூத்தவர்.

"இல்லண்ணா. மூக்கு திருந்திடுச்சு போல."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தக்காளி இலையைத் தாக்கும் ஒரு கிருமியைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி. கிருமி இறங்கினால் செடி சும்மா இருக்காது. அது தொட்ட இடத்தைச் சுற்றியிருக்கும் தன் சொந்தச் செல்களையே சாகடித்து, நடுவில் கிருமியைப் பட்டினி போட்டுவிடும். இலையில் பழுப்பாக ஒரு புள்ளி விழும். பார்க்க நோய் போலிருக்கும் அந்தப் புள்ளிதான் செடி தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் வேலி. கிருமியும் லேசுப்பட்டதல்ல. செல்லுக்குள் சில புரதங்களைக் கசியவிட்டு, ஆபத்து என்று செய்தி போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடும். செடி உயிரோடு, பச்சையாக, நிம்மதியாக இருந்தால்தான் அதற்கு உள்ளேயிருந்து உறிஞ்ச முடியும். வருகிற விருந்தினர்களுக்கெல்லாம் மேடம் இதை ஒரே மாதிரி விளக்குவார்: "திருடன் உள்ள வந்ததும் நாய்க்கு ஒரு பிஸ்கட் போடுறான். நாய் வாலாட்டுது. வீட்டுக்காரங்க நிம்மதியா தூங்குறாங்க. அந்த பிஸ்கட்டைத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம்."

இலைகளுக்கு மதிப்பெண் போடுவதும் அவள் வேலை. எந்தச் செடிக்குக் கிருமியைத் தெளித்தார்கள், எதற்கு வெறும் தண்ணீர் தெளித்தார்கள் என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் ஏமாற்றும் என்பது மேடத்தின் சட்டம். தொட்டியில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எது என்ற பட்டியல் ஒட்டிய உறையில் மேடத்தின் மேசைக்குள் இருக்கும். இலை முழுக்கப் பழுப்பென்றால் ஐந்து, ஒரு புள்ளிகூட இல்லையென்றால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் தண்ணீர்ச் செடி. பதினோரு வருடத்தில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதனால், உறையைப் பிரிக்கும்வரை காத்திருக்காமல், மிஞ்சிய பூஜ்ஜியச் செடிகளை ஆளுக்கு இரண்டு மூன்றாக வீட்டுக்கு எடுத்துப்போவதும் வழக்கமாகியிருந்தது. நல்ல செடியைக் குப்பையில் போட யாருக்குத்தான் மனம் வரும்? மூன்று வாரத்துக்கு முன்பு மேடம் ஒன்று எடுத்துக்கொண்டார், தோட்டக்காரர் நான்கு, அவள் மூன்று.

அந்த மூன்றும் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்தன. கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அவளும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும்தான். குட்டி தினமும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், இலையைக் கசக்கி விரலை முகர்ந்து பார்ப்பாள், அந்தக் கையோடே ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

தும்மல் வராத அன்று மாலை, குட்டியின் முழங்காலில் போட்டிருந்த கட்டை மாற்றுவதற்காகப் பிரித்தாள். நான்கு நாளுக்கு முன்பு பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து விழுந்த காயம். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. நான்கு நாளில் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், அல்லது ஓரமெல்லாம் சிவந்து சீழாவது வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அப்போதுதான் உரிந்தது போல வெளிறி, ஈரமாக, சுத்தமாக இருந்தது.

"வலிக்குதாடா கண்ணு?"

"வலிக்கவே இல்லம்மா. விழுந்தப்பகூட வலிக்கல."

பொதுவாக ஒரு கீறலுக்கே தெருவைக் கூட்டுகிற பிள்ளை. அவள் மருந்தைத் தடவிப் புதுக் கட்டுப் போட்டாள். மனதின் ஒரு ஓரத்தில் ஏதோ நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை.

புதன்கிழமை பள்ளியில் தடுப்பூசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் குட்டிக்குக் கை எலுமிச்சை அளவு வீங்கி, இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். அவள் விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தாள். வீக்கமும் வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. ஊசி குத்தின இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் பாராட்டினார்: "உங்க பொண்ணு இந்தத் தடவை அழவே இல்ல. ரொம்ப சமத்தாயிட்டா."

விடுப்பை ரத்து செய்துவிட்டு வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அன்றுதான் மேடம் உறையைப் பிரித்தார்.

பட்டியலை ஒருமுறை பார்த்தார், அவளுடைய மதிப்பெண் நோட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு சிரித்தார். "தும்மல், இங்க வா. இதைப் பாரு. தண்ணிச் செடிகள்ல அங்கங்க ஒண்ணு, ரெண்டு போட்டிருக்க. இந்தப் பதினாலுக்கும் சுத்தமா பூஜ்ஜியம். பதினாலுமே இந்தத் தடவை வந்த புதுக் கிருமி தெளிச்சது."

"புரியல மேடம்."

"தண்ணிச் செடியில பட்ட சாதாரணத் தூசிக்குக்கூட இலை லேசா பழுத்திருக்கு. ஆனா இந்தப் பதினாலும் எதுக்குமே அசையல. அந்தப் புரதம் எல்லா வாசலையும் அடைச்சிருக்கு. உள்ள முழுக்கக் கிருமி, வெளியில முழுக்கப் பச்சை."

அவள் நோட்டில் அந்த எண்களைத் தேடிப் பார்த்தாள். "மேடம், நாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது எல்லாம் இந்தப் பதினாலுல மிஞ்சினது."

சொல்லிவிட்டுத் திட்டு விழுமென்று காத்திருந்தாள். ஒரு தொட்டியில் எண் தப்பாக எழுதியதற்கு முன்பு ஒருமுறை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர் மேடம். ஆராய்ச்சிக் கிருமி கட்டடத்தை விட்டு வெளியே போயிருக்கிறது. வேலை போகும், ஆய்வகத்துக்குப் பூட்டு விழும் என்று நினைத்தாள். மேடம் நோட்டை மெதுவாக மூடினார்.

"பரவாயில்ல, விடு. செடிக்கு வர்றது மனுஷனுக்கு வராது." பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "என் கையைப் பாத்தியா? பதினஞ்சு வருஷ அரிப்பு. சுத்தமா போயிடுச்சு."

கையுறைக்குள் எப்போதும் வெடித்துச் சிவந்து கிடந்த விரல்கள் இப்போது மழமழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தன. மேடம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் பார்த்ததே இல்லை. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வளர்ப்பறைக்கு ஓடினாள். அங்கே கடிகாரம் தலைகீழ். காலை எட்டு மணிக்கு விளக்கு அணைந்து இரவு எட்டு மணிக்குத்தான் எரியும். இருட்டிலும் ஈரத்திலும்தான் அந்தக் கிருமி இலைக்கு வெளியே தலைகாட்டும் என்பதால், வேலை நேரத்தில் பார்ப்பதற்காக மேடம் செய்த ஏற்பாடு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே வந்ததும், மூலையில் எரியும் ஒற்றைப் பச்சை விளக்கைத் தவிர கும்மிருட்டு. நீராவி எந்திரம் மூச்சு விடுவது போல சீறி நின்று, மறுபடி சீறியது. எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தகரத்தில் விழுந்தது. ஆயிரம் தக்காளி இலைகளின் கசந்த பச்சை வாசனை ஈரத்தோடு சேர்ந்து கனத்துத் தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே தங்கியது. கடைசித் தட்டுக்கு வந்து ஒரு இலையை மெல்லத் திருப்பினாள்.

மேல்புறம் கழுவி வைத்தது போல பச்சை. அடிப்புறம் முழுக்க வெள்ளைப் பூனைமயிர். இலை மூச்சு விடும் சின்னஞ்சிறு துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருந்தது. இழையின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மணி. காற்றுப் பட்டால் உதிரும் விதை அது. அடுத்த இலையைத் திருப்பினாள். அதுவும் அப்படியே.

"மெதுவாம்மா."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. தட்டுகளுக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட பெட்டியில் தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, இடது கையைச் செடிகளுக்கு நடுவே நீட்டி வைத்திருந்தார்.

"அண்ணா? இருட்டுல என்ன பண்றீங்க?"

"சும்மாதான். இங்க உக்காந்தா ஒரு கவலையும் தெரியல. பெரியவன் கல்யாணம், வீட்டுக் கூரை, எல்லாம் எங்கயோ போயிடுச்சு."

போன வாரம் கண்ணாடி கிழித்த கை அது. மூன்று தையல் போட்டதாகச் சொல்லியிருந்தார். அவள் தன் மேலங்கிப் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து அடித்தாள். தையல் அவிழ்ந்து காயம் வாயைத் திறந்திருந்தது. ரத்தம் இல்லை. சிவப்பு இல்லை. இரண்டு உதட்டிலும், வரிசையாக, நெருக்கமாக, வெள்ளை இழைகள் நின்றன. வெளிச்சம் பட்டதும் அவை லேசாகச் சுருங்கின.

"லைட்டை அடிக்காதம்மா," என்றார் அவர் தன்மையாக. "அதுங்களுக்குப் பிடிக்கல."

அவள் ஓடினாள். கதவு. இன்னொரு கதவு. வெயில். பைகூட எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து குட்டியைப் பாதியிலேயே அழைத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாள். அவர் முழங்காலை அழுத்தினார், கையைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"ரொம்ப சுத்தமான காயம். சீழ் இல்ல, வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. இதுக்குப் போய் ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"ஒண்ணுமே இல்லாததுதான் பயமா இருக்கு டாக்டர். காயம்னா சிவக்கணும் இல்லையா? ஊசி போட்டா வீங்கணும் இல்லையா? உடம்பு எதுக்குமே பதில் சொல்லல டாக்டர்."

அவர் அவளைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார், சனிக்கிழமை வரச் சொன்னார், தூக்கம் சரியாக வருகிறதா என்று அவளிடம் விசாரித்தார். சீட்டில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை என்று எழுதியிருந்தது. அவளாக இருந்தாலும் பூஜ்ஜியம்தான் போட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னலில் இருந்த மூன்று தொட்டிகளையும் மூன்று பைகளுக்குள் போட்டு இறுகக் கட்டினாள். குட்டி பக்கத்தில் நின்று பார்த்தது. ஒரு உடைந்த பென்சிலைத் தூக்கிப் போட்டாலே தரையில் புரள்கிற பிள்ளை.

"குட்டி, இந்தச் செடி வேணாம்டா. அம்மா தூக்கிப் போடப்போறேன்."

"சரிம்மா."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இல்லம்மா." அது அவளைப் பார்த்துச் சிரித்தது. மேடத்தின் முகத்தில் பார்த்த அதே நிம்மதி.

தும்மல் வருகிறதா என்று பார்த்துவிட நினைத்தாள் அவள். பரணிலிருந்த பழைய கம்பளியை இறக்கி, முகத்தை அதில் புதைத்து, தூசி பறக்க உதறினாள். இரண்டு முறை. மூன்று முறை. மூக்கு செத்துப்போயிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அது மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தோல் ஏமாந்துவிட்டது, மூக்கு ஏமாந்துவிட்டது, பயம் இன்னும் ஏமாறவில்லை. அந்தப் பயம் ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தைரியம். அது இருக்கும்வரை குட்டியைக் காப்பாற்ற முடியும் என்று நம்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது. யார் சிரித்தாலும் சரி, காலில் விழுந்தாவது ஒருவரைக் கேட்க வைப்பது. தனக்கும் குட்டிக்கும் இரண்டு செட் துணி, டாக்டர் எழுதிய சீட்டு, கட்டி வைத்த செடிகளிலிருந்து இரண்டு இலைகள், எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து வாசலோரம் வைத்தாள். கப்பலிலிருக்கும் கணவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினாள். குட்டியைத் தன்னோடு இறுக்கிப் படுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருந்தாள். மறந்தும் நிம்மதி வந்துவிடக் கூடாது என்பதற்காக, பார்த்ததையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். தோட்டக்காரரின் கை. அந்த இழைகள். அவை சுருங்கியது.

விடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் குட்டியைக் குளிக்க வைத்தாள். குளியலறை சின்னது; வெந்நீர் ஊற்றியதும் ஆவி நிறைந்து, கண்ணாடி மறைந்து, சுவரெல்லாம் வியர்த்தது. ஜன்னலில்லாத அந்த அறையில் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. மின்சாரம் போய்விட்டது. கதவிடுக்கு வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் குட்டி முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

முதுகில் சோப்பு நுரை மிச்சமிருந்தது. தண்ணீர் ஊற்றினாள். போகவில்லை. துண்டால் துடைத்தாள். துண்டில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்த இடம் ஒரு கணம் வெறும் தோலாக இருந்தது.

பிறகு எழுந்தன.

ஒரு மயிர்க்காலுக்கு ஒன்று. கழுத்திலிருந்து இடுப்புவரை. மெல்ல. சத்தமில்லாமல். நுனியில் மணியோடு.

"குட்டி," என்றாள். பிள்ளை திரும்பவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும். தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்போதே. வாசலில் பை இருக்கிறது. கத்தல் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. அங்கே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அது இல்லை.

நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. குளியலறை இதமாக இருந்தது. எதற்காக இவ்வளவு அலைந்தோம் என்று யோசித்தாள். காரணங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தன, ஒன்றுகூட அவளைத் தொடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வலி இல்லை. அழுகை இல்லை. ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்?

"அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"ஆமாடா கண்ணு. வா."

துண்டை உதறிக் கொடியில் போட்டாள். சீருடை மாட்டிவிட்டாள், முதுகில் துணி அழுத்தாதபடி பார்த்துப் பார்த்து. இரட்டைச் சடை பின்னினாள். வாசலோரம் இருந்த பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் மடித்து வைத்தாள். கணவர் பதறிப்போய் ஒன்பது முறை அழைத்திருந்தார். 'ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கோம்' என்று எழுதி அனுப்பினாள்.

எட்டு மணிக்குப் பள்ளி வேன் வந்தது. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். குட்டி ஏறி முன்வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தது. புழுக்கமாக இருக்கிறதென்று ஓட்டுநர் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்.

வேன் கிளம்பியதும் காற்று உள்ளே புகுந்தது. குட்டியின் சட்டைக் கழுத்திலிருந்து மெல்லிய வெள்ளைத் தூள் எழும்பி, காலை வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் எட்டி அதை உள்ளங்கையில் பிடித்து, விரித்துப் பார்த்து, நாக்கின் நுனியால் தொட்டாள். வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று அவள் கையாட்டிக்கொண்டிருந்தாள்.